குளிருக்கு முந்தைய நடவு

கனடாவின் தலைநகரான ஒட்டாவாவில் செப்டம்பர் கடைசியிலேயே மேப்பிள் மரங்கள் சிவக்கத் தொடங்கிவிடும். அக்டோபரில் விடியற்காலைப் புல்மீது உறைபனி படியும். கோடை முழுக்கப் பூத்துத் தள்ளிய செடிகள் ஒரே இரவுக் குளிரில் கருகிச் சாய்ந்து கிடக்கும். பார்க்கிறவர்களுக்குத் தோட்டம் இந்த வருடத்துக்கு முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் நகரப் பூங்காக்களில் பணியாளர்கள் மண்ணைக் கொத்த இறங்குவது இந்த நேரத்தில்தான். அடுத்த மே மாதம் ஒட்டாவாவில் பூக்கப்போகும் ஏறத்தாழ பத்து லட்சம் டியூலிப்புகளின் கிழங்குகள் இப்போதுதான் மண்ணுக்குள் போகின்றன. வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களும் லைலாக், ஹைட்ரேஞ்சியா போன்ற புதர்ச்செடிகளை நாற்றங்கால்களில் வாங்கிவந்து குழி தோண்டிக்கொண்டிருப்பார்கள். எல்லாம் உதிர்கிற காலத்தில் இவர்கள் ஏன் நடுகிறார்கள்?

நம் ஊரில் நடவுக்குப் பட்டம் குறித்துத் தருவது பெரும்பாலும் மழை. ஆடிப்பட்டம் என்றாலும் தைப்பட்டம் என்றாலும் அடியில் இருப்பது தண்ணீரின் கணக்கு. குளிர்நாட்டில் பட்டம் குறிப்பது வெப்பநிலை. அங்கே காற்றின் வெப்பநிலைக்கும் மண்ணின் வெப்பநிலைக்கும் இடையே விழும் இடைவெளியைப் பிடித்துக்கொண்டால் போதும். இலையுதிர்காலத் தோட்ட வேலைகளில் பாதிக்கு விளக்கம் கிடைத்துவிடும்.

மண் மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். வெயில் சாய்ந்து வெகுநேரம் ஆன பிறகும் மொட்டைமாடித் தரை காலைச் சுடுவதுபோல, கோடையில் வாங்கிய வெப்பத்தை நிலம் பல வாரங்கள் வைத்திருக்கும். மேலே காற்று உறைநிலையைத் தொட்டுத் திரும்பும் இரவுகளிலும் ஒரு சாண் ஆழத்தில் மண் இதமாகவே இருக்கும். கிளை நுனிகளில் உள்ள மொட்டுகள் பகல் குறுகுவதை உணர்ந்து உறக்கத்துக்குப் போய்விடுகின்றன. வேருக்கு அத்தனை ஆழ்ந்த உறக்கம் கிடையாது. மண் சுமார் 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும்வரை பெரும்பாலான குளிர்நாட்டுப் புதர்களின் வேர்கள் மெல்ல நீண்டுகொண்டே இருக்கும்.

வசந்தத்தில் நட்ட செடியின் பாட்டை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை தெரியும். அதன் வேர் இன்னும் புதுமண்ணைப் பிடித்திருக்காது. அதற்குள் மேலே இலை துளிர்த்துவிடும். துளிர்த்த இலை ஒவ்வொன்றும் தண்ணீர் கேட்கும். கேட்டதைக் கொடுக்கச் சல்லிவேர்கள் போதாமல் செடி தடுமாறிக்கொண்டிருக்கும்போதே கோடை வந்துவிடும். இலையுதிர்காலத்தில் நட்ட செடிக்கு இந்த நெருக்கடி இல்லை. இலை உதிர்ந்துவிட்டதால் நீராவியாக இழக்கும் தண்ணீர் மிகக் குறைவு. மேலே வளர்ச்சி நின்றுவிட்டதால் தண்டில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து வேருக்குப் போகிறது. நிலம் உறையும்வரை கிடைக்கிற சில வாரங்கள் முழுக்க வேருக்கே சொந்தம்.

அதனால் நடும் முறையும் வேரை மனத்தில் வைத்தே அமைகிறது. குழியின் அகலம் வேர்க்கட்டியைப் போல இரண்டு, மூன்று மடங்கு இருக்கலாம். ஆழம் வேர்க்கட்டியின் உயரத்தைத் தாண்டக் கூடாது. புதிய வேர்கள் முதலில் பக்கவாட்டில்தான் ஓடும். அவற்றுக்குப் பொலபொலப்பான மண் வேண்டும். அடிமண்ணைக் கொத்திவிட்டால் செடி பின்னால் அமிழ்ந்து, தண்டு வேராக மாறும் கழுத்துப் பகுதி புதைந்து அழுகும். தொட்டியில் வெகுநாள் இருந்த செடியின் வேர்கள் தொட்டியின் வடிவத்திலேயே வட்டமாகச் சுற்றியிருக்கும். அவற்றை விரலால் பிரித்துவிட வேண்டும். பிரியாவிட்டால் கத்தியால் கீறிவிட வேண்டும். பலரும் வேரைக் காயப்படுத்தத் தயங்கி அப்படியே நட்டுவிடுகிறார்கள். அந்தச் செடி பல வருடங்கள் கழித்தும் அதே வட்டத்துக்குள் வேரைச் சுற்றிக்கொண்டு, காற்றுக்கு ஆடிக்கொண்டிருக்கும். வெட்டுப்பட்ட இடத்திலிருந்து கிளைக்கும் வேர் வெளியே தேடிப் போகும்.

நட்ட கையோடு உரம் போடும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். இந்தப் பருவத்தில் தழைச்சத்து கொடுத்தால் இளந்தளிர் விடும். அந்தத் தளிர் குளிரைத் தாங்காது. காரணம் உயிரணுவின் அளவில் இருக்கிறது. பகல் குறுகி, இரவு குளிரக் குளிர, செடி பல வாரங்கள் எடுத்துக்கொண்டு தன்னை இறுக்கிக்கொள்கிறது. உயிரணுக்களில் சர்க்கரை ஏறுகிறது. சவ்வுகளில் உள்ள கொழுப்பு, குளிரிலும் இளகியிருக்கும் வகையாக மாறுகிறது. கடுங்குளிர் வரும்போது உயிரணுவுக்குள் இருக்கும் தண்ணீரில் ஒரு பகுதி வெளியேறி, அணுக்களுக்கு இடையே உள்ள வெளியில் பனிக்கட்டியாகிறது. பனிக்கட்டி அணுவுக்கு வெளியே இருக்கும்வரை செடி பிழைக்கும். உள்ளே உருவானால் சவ்வு கிழிந்து அணு சாகும். ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலையே உறைநிலைக்குப் பத்து டிகிரி கீழே இருக்கும் ஒட்டாவாவில் ஒரு லைலாக் புதர் வெட்டவெளியில் நின்று பிழைக்கிறதென்றால் அது இந்த ஏற்பாட்டினால்தான். அக்டோபரில் உரம் தின்று முளைத்த தளிருக்கு இதற்கெல்லாம் அவகாசம் இல்லை.

இலை உதிர்வதும் சேதாரமல்ல, சேமிப்பு. உதிர்ப்பதற்கு முன் செடி இலையிலிருக்கும் பச்சையத்தையும் புரதங்களையும் உடைத்து, தழைச்சத்திலும் மணிச்சத்திலும் ஏறத்தாழ பாதியைத் தண்டுக்கும் வேருக்கும் இழுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும், அதுவரை அதன் அடியில் மறைந்திருந்த மஞ்சள் தெரிகிறது. மேப்பிளின் சிவப்பு அந்த நாட்களில் புதிதாகத் தயாராவது. அதன் பிறகுதான் காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கு தளர்ந்து, இலை கழன்று விழுகிறது. விழுந்த இலையைக் கூட்டிப் பைகளில் கட்டித் தெருவில் வைப்பது வட அமெரிக்காவில் பரவலான வழக்கம். எனக்கு அது மனம் ஒப்பாத வழக்கம். செடி மிச்சம் வைத்த சத்து அந்த இலையில் இருக்கிறது. வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் கூட்டுப்புழுவாகக் குளிர்காலத்தைக் கழிப்பது அந்தச் சருகின் அடியில். புல்தரையில் விழுந்ததை அள்ளிப் புதர்களின் தூரைச் சுற்றிப் பரப்பிவிட்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடிகிறது.

பகல் குறுகுவதைச் செடி அளக்கிறது என்று முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் அமெரிக்க வேளாண் துறையில் இருந்த கார்னர், அல்லார்டு இருவரும். மேரிலேண்ட் மாமத் என்ற புகையிலை ரகம் கோடையில் ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்தும் பூக்கவில்லை. குளிர்காலத்தில் கண்ணாடிக்குடிலில் சிறு செடியாக இருக்கும்போதே பூத்தது. வெப்பம், ஈரம், உரம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துத் தள்ளிய பிறகு எஞ்சியது பகலின் நீளம். 1920இல் அவர்கள் அதை வெளியிட்டார்கள். உண்மையில் செடி அளப்பது இருளின் நீளத்தை என்பது பின்னால் தெரிந்தது. நம் செவ்வந்தி இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். இரவு நீண்டால்தான் அது மொட்டு வைக்கும். நள்ளிரவில் சிறிது நேரம் விளக்கு எரித்தால் ஒரு நீண்ட இரவை இரண்டு குட்டி இரவுகளாக எண்ணிக்கொண்டு மொட்டைத் தள்ளிப்போடும். பூச்சந்தைக்கு ஏற்றபடி செவ்வந்தியைப் பூக்கவைக்கும் தொழில் உலகமெங்கும் இந்த ஒரு தகவலின் மேல்தான் நிற்கிறது.

கனடாவில் செப்டம்பரில் ஒவ்வொரு கடை வாசலிலும் பந்து பந்தாகப் பூத்த செவ்வந்தித் தொட்டிகள் அடுக்கியிருப்பார்கள். வாங்கி நட்டவர்களில் பலர் அடுத்த வருடம் வெற்று மண்ணைத்தான் பார்க்கிறார்கள். செடியின் வலு முழுவதும் பூவுக்குப் போனபின் வேர் பிடிக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. செவ்வந்தி நிலைத்து நிற்க வேண்டுமென்றால் வசந்தத்தில் நட்டுவிட வேண்டும். இலையுதிர்காலத்தில் நடலாம் என்ற விதி, அந்தக் காலத்தில் ஓய்வெடுக்கப்போகும் செடிகளுக்கு மட்டுமே.

டியூலிப்பின் கதை இன்னும் ஆழமானது. அக்டோபரில் ஒரு கிழங்கை நெடுவாக்கில் வெட்டிப் பார்த்தால், வெங்காயம்போல் அடுக்கடுக்கான சதைக்கு நடுவே ஒரு வெளிறிய குருத்து தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அந்தக் குருத்தின் நுனியில் ஆறு இதழ், ஆறு மகரந்தத்தாள், நடுவில் சூலகம் என்று ஒரு முழுப் பூ உட்கார்ந்திருக்கும். முந்தைய கோடையில், இலை காய்ந்த பிறகு, வெப்பத்தில் உருவான பூ அது. ஆகவே நாம் புதைப்பது பூவாகப் போகும் ஒன்றை அல்ல; பூவையே புதைக்கிறோம். சுற்றியுள்ள சதை அதற்கான சோறு.

அந்தச் சோற்றை மனிதர்களும் தின்ன நேர்ந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944–45இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த மேற்கு நெதர்லாந்தில் உணவும் விறகும் தீர்ந்துபோயின. மக்கள் டியூலிப் கிழங்கை அவித்தும் மாவாக்கியும் சாப்பிட்டார்கள். நடுவிலிருக்கும் மஞ்சள் குருத்தைக் கிள்ளி எறிந்துவிட்டுச் சமைக்கச் சொல்லி அவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. எறியப்பட்டது அந்தப் பூ. ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பஞ்சத்தில் இறந்தார்கள்.

அதே நாட்டின் இளவரசி யூலியானா போர்க்காலத்தில் ஒட்டாவாவில் அடைக்கலம் பெற்றிருந்தார். 1943 ஜனவரியில் அவருடைய மகள் மார்கிரீட் அங்கே பிறந்தார். குழந்தைக்குப் பிறப்பால் டச்சுக் குடியுரிமை மட்டுமே இருக்க வேண்டும் என்பதற்காக, பிரசவ அறையைக் கனடாவின் ஆட்சிப்பரப்புக்கு வெளியே உள்ளதாகக் கனடா அரசு அறிவித்தது. நெதர்லாந்தை விடுவித்ததில் கனடியப் படைகளின் பங்கும் பெரியது. போர் முடிந்த 1945ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், நன்றிக் காணிக்கையாக ஒரு லட்சம் டியூலிப் கிழங்குகள் ஒட்டாவாவுக்கு வந்து சேர்ந்தன. அதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் அந்த மக்கள் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்திருந்தார்கள். இன்றும் ஆண்டுதோறும் இருபதாயிரம் கிழங்குகள் வருகின்றன. இந்த அத்தியாயத்துக்கு ஒட்டாவாவை நான் தேர்ந்தெடுத்ததற்கு அந்த நகரத்தின் குளிர் மட்டும் காரணமில்லை.

பூ உள்ளே தயாராக இருக்கிறதென்றால், வசந்தம்வரை எதற்காகக் காத்திருக்கிறது? இந்தக் கேள்வியை நெதர்லாந்தின் வாகனிங்கனில் பிளாவ் என்ற தாவர உடலியலாளர் 1920களிலிருந்து எடுத்துக்கொண்டு, கிழங்குகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்து ஆராய்ந்தார். டியூலிப்புக்குக் கோடையின் வெப்பம் பூவை உருவாக்கத் தேவை. குளிர்காலத்தின் குளிர் தண்டை நீட்டத் தேவை. சுமார் 9 டிகிரிக்குக் கீழே 12 முதல் 16 வாரங்கள் கிடந்தால்தான் கிழங்கிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, தண்டு ஹார்மோன்களுக்குச் செவிசாய்க்கும் நிலைக்கு வரும். குளிர் போதாத கிழங்கும் முளைக்கத்தான் செய்யும். ஆனால் தண்டு நீளாமல், பூ மண் மட்டத்திலேயே சிக்கிக் கருகும். டெக்சாஸ், புளோரிடா போன்ற வெப்பமான மாநிலங்களில் டியூலிப் ஆசை உள்ளவர்கள் கிழங்கை மாதக்கணக்கில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பிறகே நடுகிறார்கள். அந்தப் பெட்டியில் ஆப்பிள் இருக்கக் கூடாது. பழுக்கும் பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் பூவைக் கொன்றுவிடும். இந்தியாவில் இயற்கையே அந்தப் பெட்டியாக அமைந்த இடம் ஸ்ரீநகர். 2007இல் சபர்வான் மலையடிவாரத்தில் திறக்கப்பட்ட டியூலிப் தோட்டத்தில் இலையுதிர்காலத்தில் கிழங்கு நடுகிறார்கள். டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரான சில்லை கலானைத் தாண்டி, மார்ச் கடைசியில் பூக்கள் எழுகின்றன.

வேறு சில செடிகள் குளிரை வேறொரு காரியத்துக்காக எண்ணுகின்றன. முதல் வருடம் இலை, இரண்டாம் வருடம் பூ என்று வளரும் ஃபாக்ஸ்குளோவ் போன்றவற்றில் குளிருக்கு முன் பூவே உருவாகியிருக்காது. குளிர்காலம் கடந்தது என்று உறுதியான பிறகே பூக்கும் முடிவை எடுக்கும். பாடநூல்களில் தட்பப்பதனம் என்று படிப்போமே, அது இதுதான். கோதுமைக்கு உறவான ரை என்ற தானியப் பயிரில் இதை ஜெர்மானியரான காஸ்னர் 1918இல் விளக்கினார். அந்த எண்ணிக்கை எங்கே பதிவாகிறது என்ற கேள்விக்கு, இங்கிலாந்தின் நாரிச்சில் ஜான் இன்னஸ் மையத்தைச் சேர்ந்த கரோலின் டீன், அராபிடாப்சிஸ் என்ற சிறு களைச்செடியை வைத்துப் பல பத்தாண்டுகளாகப் பதில் தேடியவர். பூப்பதைத் தடுத்து வைக்கும் ஒரு மரபணு இருக்கிறது. குளிர் நீடிக்க நீடிக்க, ஒவ்வொரு உயிரணுவாக அந்த மரபணு அணைந்துகொண்டே வருகிறது. அணைந்த அணு, வெயில் வந்தாலும் அணைந்தே இருக்கும். நவம்பரில் வரும் இரண்டு நாள் வெயிலுக்குச் செடி ஏமாறாமல் இருப்பதற்கு இந்த அணு அணுவான கணக்கே காரணம். மூளையோ நரம்போ இல்லாத ஓர் உயிர் பழைய குளிரை இவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கிழங்கை அதன் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழத்தில், டியூலிப் என்றால் 15 முதல் 20 சென்டிமீட்டரில், கூர்முனை மேலிருக்கும்படி நட வேண்டும். தண்ணீர் தேங்கும் மண் ஆகாது. டியூலிப் மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகளில் பிறந்தது; கோடையில் காய்ந்து கிடக்கும் நிலமே அதற்குப் பழக்கம். வட அமெரிக்காவில் அதன் பெரிய எதிரி அணில். புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால் அன்று மாலையே தோண்டிவிடும். மேலே கம்பிவலை விரித்து மண் போடலாம். அல்லது நார்சிசஸ் நடலாம். அதன் கிழங்கில் நஞ்சு இருப்பதால் அணில் தொடாது.

கவாத்துக் கத்தியை இந்தப் பருவத்தில் உறையிலேயே வைத்திருப்பது நல்லது. லைலாக், ஃபோர்சித்தியா, பெரிய பந்துப் பூ விடும் ஹைட்ரேஞ்சியா எல்லாம் அடுத்த வருடத்துப் பூமொட்டை இந்த வருடக் கிளையிலேயே வைத்துவிட்டன. தோட்டத்தை ஒழுங்குபடுத்துகிறோம் என்று அக்டோபரில் நுனிகளை வெட்டினால் வசந்தத்துப் பூவை வெட்டிப் போட்டதாக முடியும். ஹைட்ரேஞ்சியாவின் காய்ந்த பூக்கொத்தையும் அப்படியே விட்டால், அதன் கீழே இருக்கும் மொட்டுக்குக் கொஞ்சம் பனிக்காப்பு. கூம்பு வடிவப் பூ விடும் ஹைட்ரேஞ்சியா வகை புதுக்கிளையில் பூப்பது. அதைக் குளிர்காலக் கடைசியில் வெட்டலாம்.

மூடாக்கு போடும் நேரத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கடுங்குளிர் நாட்டில் புதிதாக நட்ட செடிக்கு ஆபத்து, நிலம் உறைவதைவிட அது உறைந்து, இளகி, மறுபடி உறைவதில் அதிகம். ஒவ்வொரு முறையும் மண்ணிலுள்ள நீர் விரிந்து, வேர் பிடிக்காத செடியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிவிடும். அதனால் தூரைச் சுற்றிக் கனமான சருகு மூடாக்கை நிலம் உறைந்த பிறகு போடுவார்கள். உறைந்ததை உறைந்தபடியே வைத்திருப்பது அதன் வேலை. அதற்கு மேல் பனி விழுந்துவிட்டால் இன்னும் நல்லது. பனிப்போர்வையின் கீழே மண், திறந்த காற்றைவிடப் பல டிகிரி சூடாக இருக்கும். குளிர்காலத்திலும் இலை தாங்கி நிற்கும் புதர்களுக்கு ஒரு கவனிப்பு கூடுதலாக வேண்டும். இலை வழியாக நீர் போய்க்கொண்டே இருக்கும், உறைந்த மண்ணிலிருந்து வேரால் ஈடுகட்ட முடியாது. நிலம் உறையும் கடைசி வாரம்வரை அவற்றுக்கு ஆழமாகத் தண்ணீர் விட வேண்டும்.

டொராண்டோ பக்கத்துத் தமிழ் வீடுகளில் இந்தப் பருவத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. கோடையில் முற்றத்தில் வைத்த கறிவேப்பிலை, மல்லிகை, செம்பருத்தித் தொட்டிகளை உள்ளே எடுக்க வேண்டும். இவை குளிருக்கு இறுகத் தெரியாத செடிகள். உறைபனி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரவு வெப்பநிலை 10 டிகிரியை நெருங்கும்போதே எடுத்துவிடுவது நல்லது. இலையின் அடிப்பக்கத்தில் அசுவினியோ செதில்பூச்சியோ இருக்கிறதா என்று பார்த்துக் கழுவி, வெயில் படும் ஜன்னலோரம் வைத்துத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். உள்ளே வந்ததும் கறிவேப்பிலை இலையைக் கொட்டும். வெளிச்சம் குறைந்ததற்கு அது காட்டும் எதிர்வினை அது. பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றுவதால்தான் செடி சாகிறது.

வாங்கிய டியூலிப் கிழங்கு டிசம்பர் தொடக்கத்திலும் மூலையில் கிடந்தால், அடுத்த இலையுதிர்காலத்துக்கு ஆகட்டும் என்று எடுத்துவைக்க வேண்டாம். காற்றில் கிடக்கும் கிழங்கு தன் சோற்றைத் தானே தின்றுகொண்டிருக்கிறது. அடுத்த வருடம் மிஞ்சுவது வெறும் தோல். மண்வெட்டி இறங்குகிற நாள்வரை நடலாம். இறங்காவிட்டால், தொட்டியில் மண் போட்டு நட்டு, வெயில் படாத, உறைநிலையை ஒட்டிய குளிர் இருக்கிற கொட்டகையில் வைத்து, மண் காய்ந்துபோகாமல் பார்த்துக்கொண்டால் அதற்கு வேண்டிய வாரக்கணக்கான குளிர் அங்கேயும் கிடைத்துவிடும்.